பழைய ஓலைப்பெட்டியை மறுபடி முடைய: எதைக் கொண்டு, யாரைக் கேட்டு?

எங்கள் ஆச்சி வீட்டைப் பிரித்தபோது அடுப்படிப் பரணிலிருந்து மூடி போட்ட ஒரு பெட்டி கீழே வந்தது. புகை குடித்துக் குடித்து ஓலை என்றே சொல்ல முடியாத கறுப்பு. அடியில் ஒரு மூலையை எலி கரம்பியிருந்தது. மூடியைத் திறந்தால் இன்னமும் கருப்பட்டி வாசம். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கம், செம்மண் தேரியும் (மணல்மேடும்) பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர் அது. பெட்டியில் கருப்பட்டி வாசம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது பெட்டியாகவே இருந்ததுதான் ஆச்சரியம்.

அதே போல ஒன்றை நானே முடைந்து பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். பனையோலை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆகியும் கையில் முழுசாக ஒரு பெட்டி கிடையாது. மூங்கில் வாங்கிக் கெடுத்தேன், மழைக்கால ஓலையை முடைந்து கெடுத்தேன், பேக்கிங் பட்டையில் பழகி அந்தப் பழக்கத்தை மறக்கப் பாடுபட்டேன். இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. பழைய பெட்டி, கூடை எதையாவது பழைய பொருளிலேயே திரும்பச் செய்ய நினைக்கிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகளை, நான் ஒப்பிட்டுப் பார்த்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விவகாரம். எங்கள் பக்கம் ஓலையில் முடைந்தால் பெட்டி, மூங்கிலிலும் விளாறிலும் (வளைகிற மெல்லிய குச்சியிலும்) முடைந்தால் கூடை. இரண்டையும் கலந்து பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சும்மா பெயர்தானே என்று நானும் அதைத் தள்ளிவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்தப் பெயரிலேயே பொருளும் பின்னல் முறையும் சேர்ந்து இருக்கின்றன என்று.

புல்லும் மரமும்

தொல்காப்பிய மரபியலில் ஒரு பகுப்பு உண்டு. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனை, தென்னை, மூங்கில், ஈச்சு, பிரம்பு எல்லாமே புல். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது வேடிக்கையாக இருந்தது. கத்தியை எடுத்து ஒரு பனைமட்டையைப் பிளந்தபோது வேடிக்கை போய்விட்டது. உறுதியெல்லாம் தோலில்தான், உள்ளே இருப்பது வெறும் சோறு. மூங்கிலும் அப்படித்தான். வெளித்தோலோடு சேர்ந்த சிம்பு, அதாவது பிளந்தெடுத்த மெல்லிய கீற்று, வளையும், ஒடியாது. உள்பக்கத்துச் சிம்பு நாலு நாளில் முறுக்கிக்கொண்டு முறியும்.

ஆகவே புல் வகையில் எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்: தோலை உரி, சோற்றை எறி, மிஞ்சியதைப் பட்டையாக்கி முடை. தட்டையான பட்டை என்பதால் ஒன்றை ஒன்று நெருங்கி உட்காரும். தவிடுகூடச் சிந்தாத பெட்டி வரும். மர வகையில் வேலை வேறு. புளியம் விளாறையோ நொச்சி விளாறையோ கிழிப்பதில்லை, உருண்டையாக அப்படியே வளைக்கிறோம். அதில் கண் விடத்தான் செய்யும். எரு அள்ளலாம், கோழி கவிழ்க்கலாம், கம்பு கொட்டினால் ஒழுகும்.

உங்கள் பழைய சாமானை முதலில் இந்தக் கண்ணால் பாருங்கள். அது எதைச் சுமந்தது, எது சிந்தாமல் இருக்க வேண்டியிருந்தது? அந்தக் கேள்வியிலேயே பாதிப் பொருட்கள் கழிந்துவிடும்.

பனையில் எந்தப் பனை

பனை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். முடைகிறவருக்கு அதில் மூன்று தனித்தனிப் பொருட்கள் உண்டு.

ஒன்று குருத்தோலை. உச்சியில் விசிறி விரியாமல் ஈட்டி போல நிற்பது. இறக்கி, ஈர்க்கை உரித்து, நிழலிலும் இளவெயிலிலும் மாறி மாறிக் காயப்போட்டால் தந்த நிறத்துக்கு வரும். கையில் துணி மாதிரி மடங்கும். நகத்தால் கீறினாலே வாருவதற்கு, அதாவது பட்டையாகக் கிழிப்பதற்கு, நேர்க்கோடு கிடைக்கும். செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி இந்த ஓலையின் பெருமையைக் காட்டும் வேலை. நகரத்தார் வீட்டு ஆச்சிமார் சீருக்கென்று வண்ணம் தோய்த்து முடைந்தது, நடுவில் மங்கிப்போய், காரைக்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்து மீட்டெடுத்ததால் இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பார்த்ததும் எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் முதல் பெட்டிக்குக் குருத்தை எடுக்காதீர்கள் என்பேன். அது கிடைப்பது அரிது. மரத்தின் உயிர் அந்த உச்சியில்தான் இருக்கிறது, ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் மரம் சோர்ந்துவிடும். கற்றுக்கொள்கிறேன் என்று அதைப் பாழாக்குவது எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது சாரோலை. குருத்துக்கு அடுத்து, விரிந்து இளம்பச்சையாய் நிற்பது. காய்ந்தால் வெளிறிய பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். குருத்தின் மினுக்கு கிடையாது, ஆனால் தடிப்பு உண்டு, அடி தாங்கும். ஊரில் தினப்பாட்டுக்கு முடைந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இதில்தான். (அதற்கும் கீழே காய்ந்து தொங்குகிற காவோலை வேலிக்கும் அடுப்புக்கும்தான். அதை ஊறவைத்து முடையலாமே என்று ஒரு நாள் எனக்கு யோசனை வந்தது. தொட்டதும் நொறுங்கியது, யோசனையும் சேர்ந்து.)

மூன்றாவது நார். மட்டையின் உள்பக்கத் தோலிலிருந்து உரிப்பது அகணி நார், வெளிப்பக்கத்திலிருந்து வருவது புறநார். பச்சை மட்டையாக இருக்கும்போதே கிழித்து, சோற்றைச் சீவிவிட்டு, காயவைத்து, வேண்டும்போது ஊறவைத்து எடுக்க வேண்டும். கட்டிலுக்குப் பின்னுவதும் பெட்டி வாயைப் பொத்துவதும் இதில்தான். கடகப்பெட்டி என்கிறோமே, எங்கள் ஊர் வாயில் கடாப்பெட்டி, அதன் பலம் முழுக்க இந்த நார். உள்ளே ஓலை, வெளியே நார் என்று இரண்டு சட்டை போட்டது அது. யாழ்ப்பாணத்துக் கடகத்துக்கும் இதே உடம்புதான். அவர்கள் அதை இழைப்பது என்பார்கள், நாங்கள் முடைவது என்போம்.

பரணிலிருந்து வந்த பெட்டியை ஒரு வாரம் பார்த்த பிறகுதான் அது இந்த மூன்றாலும் ஆனது என்று கண்டுபிடித்தேன். உடம்பு சாரோலை. மூலையிலும் வாயிலும் நார். மூடி மட்டும் குருத்து. ஆச்சி சிக்கனக்காரி. கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும் நல்ல ஓலையைச் செலவழித்திருக்கிறாள். 'பனையோலைப் பெட்டி' என்று ஒரே வகை ஓலையில் நான் செய்திருந்தால், பார்வைக்கு அப்படியே இருந்திருக்கும், ஆனால் அது வேறு பெட்டி.

காலம் பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் முடைந்தது ஐப்பசி மழையில் இறக்கிய ஓலை. பச்சையாகவே வார்ந்து, நெருக்கிப் பின்னி, அழகாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ மக்கா, ஈரத்தோட முடைஞ்சா நாளைக்குச் சிரிக்குமே" என்றார். மறுநாள் இல்லை, மூன்றாம் நாள் சிரித்தது. ஓலை காயக் காய அகலத்தில் சுருங்கும். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே பல் தெரிந்தது. பத்தாம் நாள் அடியில் பூசணம். முதலில் நன்றாகக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு, முடைவதற்கு முன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி எடுப்பதுதான் முறை. வளைவதற்கு வேண்டிய ஈரம் மட்டும் போதும்.

பதநீர்ப் பருவம் தொடங்குமுன் மரத்தைக் கழித்துச் சுத்தம் செய்வார்கள். ஏறுகிற ஆளும் அப்போதுதான் கிடைப்பார். ஓலையும் மட்டையும் காசு கேட்காது, ஏறுகிற அண்ணாச்சிக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதில் பேரம் பேசாதீர்கள். ஊரில் மரம் நிற்கிற அளவுக்கு ஏறுகிறவர் இல்லை.

மூங்கில்: கிடைக்கிறது, ஆனால்

பனை இல்லாத ஊர்க்காரர்களுக்கு மூங்கில்தான் முதலில் தோன்றும். முறம், தட்டுக்கூடை, பூக்கூடை, தானியத்துக்குத் தொம்பை என்று மூங்கிலில் பழைய சாமான்கள் ஏராளம். தொம்பை செய்ய ஆசைப்படுகிறவர் என்றால் மூங்கிலை விட்டால் வழி இல்லை. முடைந்து, மேலே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவது அது. பூச்சைத் தாங்குகிற விறைப்பு ஓலைக்குக் கிடையாது.

சட்டச் சிக்கலும் இப்போது குறைவு. 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் மூங்கிலை மரப் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் சொந்தத் தோட்டத்து மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகவே அனுமதி என்று அலைய வேண்டியிருந்தது. 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொல்காப்பியரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே புல் என்று சொல்லியிருப்பார்.

நான் செய்த தப்பு, சாரம் கட்ட மூங்கில் விற்கும் கடையில் போய் வாங்கியது. அது முற்றிக் காய்ந்த மூங்கில். கட்டடத்துக்கு நல்லது, முடைய ஆகாது. பிளந்தால் கணுவில் வந்து வெடிக்கும். கூடைக்கு வேண்டியது ஒன்று, இரண்டு வயசு ஆன பச்சை மூங்கில். வெட்டிய சூட்டிலேயே பிளாச்சாக்கி, தோலை ஒட்டிய சிம்பைத் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கத்தி, ஒரு மணை, இருபது வருஷக் கை வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன.

பூச்சி இன்னொரு தொல்லை. மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடித் துளைப்பூச்சி வரும். நான் எப்படியோ ஒப்பேற்றிய தட்டுக்குக் கீழே, இரண்டு மாதத்தில் மஞ்சள் மாவு கொட்டிக்கிடந்தது. மழைக்காலம் கழிந்து, மூங்கிலில் மாவு குறைந்திருக்கும்போது வெட்டுவதும், வெட்டியதை ஓடுகிற தண்ணீரில் சில வாரம் போட்டுவைப்பதும் இதற்காகத்தான். தேய்பிறையில் வெட்டு என்கிற சொல்லும் இதை ஒட்டியே புழங்குகிறது. பிறை பற்றி நான் வாதாட மாட்டேன், ஊறப்போடுவதில் பலன் உண்டு.

ஆகவே மூங்கிலையும் பனையையும் தட்டில் வைத்தால்: மூங்கில் கூடைக்கு ஆயுள் அதிகம், ஈரம் தாங்கும், விறைப்பு அதிகம். ஆனால் முடைவதைவிடப் பிளப்பதுதான் அங்கே பெரிய வித்தை. ஓலையில் தப்புச் செய்தால் ஒரு பட்டையை உருவி வேறு செருகலாம். மூங்கிலில் தப்புச் செய்தால் கை கிழியும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் மூங்கில். தனியாகத் தட்டுத் தடுமாறுகிறவருக்கு ஓலை.

ஈச்சு, விளாறு, இன்னும் சில

ஈச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். கரட்டுப் பக்கமும் மலையடிவாரத்திலும் புதராக வளரும் சிற்றீச்சின் இலைநடுக் காம்பைக் கசங்கு என்பார்கள். வயல்காட்டுக் கூடைகளுக்குக் கசங்கு நல்ல பொருள்: ஒல்லி, நீளம், வளைந்து கொடுக்கும். ஓலையில் பாயும் துடைப்பமும். உங்கள் ஊர் பனை குறைந்த மேட்டுப்பகுதி என்றால், உங்கள் தாத்தா மண் சுமந்த கூடை அநேகமாக ஈச்சாகத்தான் இருக்கும். அதைப் பனையில் செய்வது பொருத்தம் இல்லை. அடிக்காம்பில் முள் ஊசி மாதிரி இருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் தொட வேண்டும். காப்புக்காட்டுக்குள் நிற்கும் புதரில் கை வைக்காதீர்கள்.

விளாறு, பருத்திமார், துவரைமார் (பருத்தி, துவரைச் செடிகளின் குச்சி) வகைதான் எல்லாவற்றிலும் எளிது. அறுவடைக்குப் பிறகு சும்மா கிடைக்கும். பச்சை வாடுவதற்குள் அன்றைக்கே முடைந்துவிட வேண்டும். கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் ஒன்று கட்டிப் பார்த்தால், வட்டக் கூடையில் அடியிலிருந்து பக்கம் எப்படி எழும்புகிறது என்பது கைக்குப் புரிந்துவிடும். ஒரு மழைக்காலம் தாண்டாது, தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வருஷம் புது மார் வரும்.

கோரையை நான் ஒதுக்கிவிட்டேன். பத்தமடைக்குப் பெருமை சேர்க்கும் கோரை தறியில் பாவு கட்டி நெய்கிற பாய்க்கானது. பெட்டியாக நிற்கும் முதுகெலும்பு அதற்குக் கிடையாது. தாழை மடலும் பாய் வேலைக்கே நெருக்கம். பிரம்பு அழகு, உறுதி, எல்லாம் சரி. கொள்ளிடத்துப் பக்கம் தைக்காலில் பிரம்பு வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் அங்கேயே பிரம்பு வெளிமாநிலத்திலிருந்து வருகிறது. உள்ளூர்ப் பொருளில் உள்ளூர்ச் சாமான் என்று கிளம்பிவிட்டு, லாரியில் வந்த பிரம்பை வளைப்பதில் எனக்கு ருசிக்கவில்லை.

பிளாஸ்டிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூடை பின்னல் என்று யாரிடம் கேட்டாலும் ஒயர்க்கூடைதான் காட்டுகிறார்கள். அது முடிச்சுப் போடுகிற வேலை, இது குறுக்கே நெடுக்கே ஏற்றி இறக்குகிற வேலை, சம்பந்தம் இல்லை. ஆனால் பெட்டி கட்டும் பேக்கிங் பட்டை கொஞ்சம் உதவும். காயாது, கிழியாது, பத்து முறை பிரித்து முடையலாம். மூலை திருப்புவதை நான் அதில்தான் கற்றேன். கெடுதலும் உண்டு: அந்தப் பட்டை எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். அந்தக் கையோடு ஓலைக்கு வந்தால் முதல் இழுப்பிலேயே ஓலை இரண்டாகும். ஒரு வாரம் பழகலாம். ஒரு மாதம் பழகினால் மறக்க இரண்டு மாதம் ஆகும்.

யாரிடம் கேட்பது: ஏடா, காட்சிசாலையா, பெரியம்மையா

பொருள் முடிவானதும் அடுத்த கேள்வி, பழைய முறை எது என்பதை எங்கிருந்து தெரிந்துகொள்வது.

இலக்கியத்தில் கூடைக்குப் பஞ்சம் இல்லை. வட்டி, புட்டில், குடலை என்று பெயர்களே எத்தனை. ஐங்குறுநூற்றில் ஒரு மருதப் பாட்டு: பாணர் மகள் வட்டியில் வரால் மீன் கொண்டுவருகிறாள். வீட்டுக்காரி மீனைக் கொட்டிக்கொண்டு, அதே வட்டியில் பழைய வெண்ணெல்லை நிறைத்து அனுப்புகிறாள். ஈர மீனும் உலர்ந்த நெல்லும் ஒரே கூடையில் போய் வந்திருக்கின்றன, அது அளவையாகவும் இருந்திருக்கிறது என்று நிறையத் தெரிகிறது. எத்தனை பட்டை, ஒன்று விட்டு ஒன்றா இரண்டு விட்டு இரண்டா என்பது தெரியாது. கவிஞருக்கு அது வேண்டியதும் இல்லை. ஏடுகள் பயன்பாட்டைச் சொல்லும், பின்னலைச் சொல்லாது.

தொல்லியல் நமக்குக் கைகொடுப்பது கொஞ்சம்தான். ஓலையும் மூங்கிலும் நம் வெக்கையிலும் மழையிலும் கறையானிலும் மக்கிவிடும். எகிப்தின் ஃபயூமில் தானியக் குழிகளுக்கு உள்ளே விரித்திருந்த சுருள்பின்னல் வைக்கோல் சுவர் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1920களில் தோண்டியெடுக்கும் நிலையில் இருந்தது என்றால், அது பாலைவன வறட்சியின் புண்ணியம். பலுசிஸ்தானத்து மெஹர்கர் என்கிற பழங்காலக் குடியிருப்பில் கூடை மக்கிப்போனாலும், அதன்மேல் பூசிய நிலக்கீல் (தார் போன்ற பொருள்) அதன் வடிவத்தைக் காப்பாற்றிவைத்தது. நமக்கு அந்த இரண்டு அதிர்ஷ்டமும் இல்லை.

காட்சிசாலைக்குப் போகலாம். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் மானிடவியல் பகுதி, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இரண்டும் பார்க்க வேண்டியவை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கூடை முகத்தைத்தான் காட்டும். முடைகிறவருக்கு வேண்டியது அடி. எங்கே தொடங்கினார்கள், பட்டை தீர்ந்த இடத்தில் புதுப்பட்டையை எப்படிச் செருகினார்கள், எல்லாம் அடியிலும் உள்பக்கத்திலும்தான் இருக்கிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் (அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர்) தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் நூலைப் புரட்டினால், யார் யார் மூங்கில் முடைந்து பிழைத்தார்கள் என்பது கிடைக்கும். எப்படி முடைந்தார்கள் என்று தேடினால் ஏமாற்றம்தான். முடைந்தவர்களை எண்ணியவர்களுக்கு, முடைந்த கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

மிச்சம் இரண்டு: பழைய சாமான், பழைய கை. சாமானைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், சாமான் போய்விடும். நான் பிரிக்கவில்லை. எலி எனக்காக ஒரு மூலையைத் திறந்து வைத்திருந்தது, அது போதும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ஒரு சாண் அகலத்துக்கு எத்தனை பட்டை என்று எண்ணினேன். அடிச் சதுரத்தின் மூலையில் பட்டைகள் சாய்வாகத் திரும்பிப் பக்கமாக ஏறுவதையும், வாய்க்கு வந்ததும் மடங்கி மறுபடி கீழே இறங்கிச் செருகிக்கொள்வதையும் எலி கடித்த ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். அதனால்தான் பெட்டி இரட்டைக் கனம். வெட்டுமுனை ஒன்றுகூட வெளியே தெரியாது. பழைய ஓலையை நனைத்து இளக்கிப் பார்க்கலாமா என்று ஒரு கை துறுதுறுத்தது. வேண்டாம். புகை குடித்த ஓலை ஈரம் பட்டால் தூளாகும்.

படத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மையிடம் போனேன். படத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியை வாங்கி, கவிழ்த்து, அடியில் விரலை ஓட்டி, "இது உங்க ஆச்சி தொடங்குனது, முடிச்சது வேற ஆளு" என்றார். பாதியிலிருந்து இழுப்பு மாறியிருக்கிறதாம். எனக்கு இன்றைக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பெரியம்மைக்கு எண்ணிக்கை சொல்ல வராது. "எத்தனை பட்டை வைக்கணும்?" என்றால் "பெட்டி அளவுக்கு" என்பார். அவர் கை செய்வதைப் பார்த்து நான் எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டும் வேண்டும் என்பது என் முடிவு: எண்ணுவதற்குப் பழைய பெட்டி, இழுப்புக்குப் பெரியம்மை. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பெரியம்மை. பெட்டி பரணில் இன்னும் பத்து வருஷம் இருக்கும், அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

சாயத்தில் ஒரு சறுக்கல்

மூடியைத் துடைத்தபோது கறுப்புக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் நாலு பட்டை தெரிந்தது. இயற்கைச் சாயம் என்று துள்ளினேன். பதங்கக்கட்டை (பதிமுகம் என்பதும் அதுதான்), கடுக்காய் எல்லாம் வாங்கி வைத்தேன். பதங்கத்தைக் கொதிக்கவைத்துப் படிகாரம் சேர்த்தால் குருத்தோலையில் அருமையான சிவப்பு ஏறுகிறது. கடுக்காயோடு இரும்புத்துரு சேர்ந்தால் கறுப்பு. மஞ்சளும் ஏறும், ஆனால் வெயில் பட்டால் ஓடிவிடும். எதிலும் அந்தக் கத்தரிப்பூ வரவில்லை.

வராது. அந்த மாதிரி ஊதாவும் கண்ணைக் குத்தும் ரோஸும் 1856இல் பெர்கின் என்கிற வேதியியலாளர் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு உலகத்துக்கு வந்தவை. ஆச்சி சந்தையில் சாயப்பொடி வாங்கித் தோய்த்திருக்கிறாள். இப்போது எது வரலாற்றுக்கு உண்மை? பதங்கத்தில் தோய்த்தால் பழமை மாதிரி இருக்கும், ஆனால் ஆச்சி பெட்டி ஆகாது. பொட்டணச் சாயத்தில் தோய்த்தால் ஆச்சி பெட்டி, ஆனால் 'இயற்கைப் பொருள்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. நூறு வருஷத்துக்கு முந்திய பொதுவான ஒரு பெட்டியைச் செய்கிறவர் பதங்கத்துக்குப் போகலாம். குறிப்பிட்ட ஒரு பெட்டியைத் திரும்பச் செய்கிறவர், அதில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும். நான் பொடியே வாங்கினேன். பதங்கச் சிவப்பு வீணாகவில்லை, வீட்டில் கொதிக்கவைத்துக் குடித்தாயிற்று.

நான் எடுத்த முடிவு

உடம்புக்குச் சாரோலை. மூலைக்கும் வாய்க்கும் அகணி நார். மூடிக்கு மட்டும் குருத்து, அதுவும் அடுத்த பருவத்தில். மூங்கில் இப்போதைக்கு இல்லை. பெரியம்மை திண்ணையில் வாரத்துக்கு இரண்டு நாள்.

ஆயுளைப் பற்றி மட்டும் இன்னும் யோசனை. ஆச்சி பெட்டி இத்தனை காலம் நின்றதற்கு ஓலையும் நாரும் பாதிக் காரணம்; மீதி, விறகடுப்புக்கு மேலே இருந்த பரண். நாள் தவறாமல் புகை பட்ட ஓலையில் பூச்சி அண்டாது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அதே பெட்டியை அப்படியே செய்தாலும், அதே புகையை எங்கே போய்ச் செய்வது? ஈரம் படாத இடத்தில் தொங்கவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டுவது என்று வைத்திருக்கிறேன். மூங்கிலைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. தொம்பையும் தட்டும் புகை வீட்டில் வளர்ந்தவைதான்.

மூன்றாவது பெட்டி போன வாரம் முடிந்தது. சிரிக்கவில்லை. ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெரியம்மை அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தை பிறந்ததும் இரண்டு குருத்து இறக்கித் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் மூடி இல்லாத பெட்டியில் சின்ன வெங்காயம் கிடக்கிறது.